தண்ணீர், கழிவுநீர்க் கட்டண உயர்வு: மனுவில் என்ன கேட்பது?

கேள்வி இது: மலேசியாவின் சிலாங்கூர் மாநிலத்தில், பெஸ்தாரி ஜெயாவில் ஒரு தாமானில் (வீடமைப்புப் பகுதியில்) குடியிருப்பாளர் கூட்டம் நடக்கப்போகிறது. தண்ணீர்க் கட்டணமும் கழிவுநீர்க் கட்டணமும் ஏறுவதைப் பற்றி மனு எழுத வேண்டும். "ஒழுகுகிற பைப்பை அடைக்காமல் எங்களிடம் காசு கேட்காதே" என்கிறார்கள் ஒரு பக்கம். "இந்த விலைக்குத் தண்ணீர் வேறு எங்கே கிடைக்கும்?" என்கிறார்கள் மறுபக்கம். இரண்டில் எது சரி, மனுவில் என்ன எழுதுவது?

இரண்டு பக்கமும் சொல்வதில் உண்மை இருக்கிறது. ஆனால் இரண்டையும் அப்படியே எழுதினால் "தங்கள் கருத்து கவனத்தில் கொள்ளப்பட்டது" என்று ஒரு வரிப் பதில்தான் வரும். ஏற்றக் கூடாது என்று ஒட்டுமொத்தமாக எதிர்ப்பதைவிட, யாருக்கு எவ்வளவு ஏறுகிறது, ஏற்றிய காசு எந்த ரோட்டுப் பைப்புக்குப் போகிறது என்ற இரண்டையும் கணக்கோடு கேளுங்கள். பதில் சொல்லியே ஆக வேண்டிய கேள்விகள் இவை.

முதலில் மனு யாருக்குப் போக வேண்டும் என்பது. பலர் நகராண்மைக் கழகத்துக்கு எழுதுகிறார்கள். தண்ணீர்க் கட்டணத்தில் அதற்கு எந்த அதிகாரமும் இல்லை. 2005ஆம் ஆண்டு அரசியலமைப்புத் திருத்தத்தோடு தீபகற்பத்தில் நீர் விநியோகம் மாநிலத்தின் தனிப் பொறுப்பிலிருந்து மத்திய அரசும் பங்குபெறும் பொதுப் பட்டியலுக்கு வந்தது. 2007இல் தேசிய நீர்ச் சேவை ஆணையமான ஸ்பான் அமைந்தது. ஆயர் சிலாங்கூர் போன்ற நீர் விநியோக நிறுவனம் கட்டண உயர்வுக்கு விண்ணப்பிக்கும், ஸ்பான் அதன் செலவுக் கணக்கைப் பரிசீலிக்கும், மத்திய அரசு ஒப்புதல் கொடுத்த பிறகே அரசிதழில் வரும். ஆகவே மனு ஸ்பானுக்கு, நகல் ஆயர் சிலாங்கூருக்கு, நாடாளுமன்ற உறுப்பினருக்கு, சட்டமன்ற உறுப்பினருக்கு. கழிவுநீருக்கும் ஸ்பான்தான் கட்டுப்பாட்டு அமைப்பு. சேவை தருவது இண்டா வாட்டர்.

கோபம் ஏன் இவ்வளவு என்பதையும் புரிந்துகொள்ள வேண்டும். சிலாங்கூரில் வீட்டுக் கட்டணம் 2006லிருந்து 2024 வரை மாறவில்லை. அதற்கு நடுவில் 2008 ஜூன் முதல் மாதம் 20 கன மீட்டர் இலவசம். சிறிய குடும்பங்களுக்கு ஆண்டுக்கணக்கில் பில் பூஜ்யம். 2020 மார்ச்சில் அது ஆயர் டாருல் ஏசான் திட்டமாக மாறி, வருமான வரம்புக்குள் இருக்கும் வீடுகளுக்கு மட்டும் என்று ஆனது. பிறகு 2024 பிப்ரவரி 1 அன்று தீபகற்பம், லாபுவான் முழுக்க கன மீட்டருக்குச் சராசரி 22 சென் ஏறியது. பூஜ்யம் பார்த்துப் பழகிய கண்ணுக்கு ஐந்து ரிங்கிட்டும் பெரிதாகத் தெரிவதில் தப்பில்லை. ஆனால் பதினேழு வருடம் விலை நின்றபோது மின்சாரம், குளோரின், படிகாரம், சம்பளம் எதுவும் நிற்கவில்லை. அந்த இடைவெளியை அடைக்கத் தள்ளிப்போடப்பட்டது பைப் மாற்றும் வேலை. மண்ணுக்குள் இருப்பதால் அதைத் தள்ளிப்போட்டால் யாருக்கும் தெரியாது.

இனி கணக்கு. 22 சென் என்பது சராசரிதான். அதை வைத்துக் கூட்டத்தில் வாதாடினால் தோற்றுப்போவீர்கள். சிலாங்கூரில் முதல் 20 கன மீட்டருக்கு 57 சென்னாக இருந்தது 65 சென் ஆனது. 20க்கு மேல் 35 வரை 1.03 ரிங்கிட்டிலிருந்து 1.32. 35க்கு மேல் 2.00 ரிங்கிட்டிலிருந்து 2.63. அதற்குப் பிறகும் திருத்தம் வந்திருக்கிறது, ஆகவே கூட்டத்துக்கு முன் உங்கள் பில்லில் அச்சிட்டிருக்கும் விகிதத்தை எடுத்து இதே கணக்கில் போட்டுக்கொள்ளுங்கள். கணக்குப் போடும் முறை மாறாது.

நான்கு பேர் வீடு, மாதம் 26 கன மீட்டர் என்று வைப்போம். பழைய விலையில் 17.58 ரிங்கிட், 2024 விலையில் 20.92. மூன்று ரிங்கிட் 34 சென் அதிகம். இதை யாரும் பெரிய சுமை என்று வாதாட முடியாது. இப்போது தாத்தா பாட்டி, மகன் மருமகள், மூன்று பேரப்பிள்ளைகள் என்று ஏழு பேர் இருக்கும் வீட்டை எடுங்கள். ஆளுக்கு அதே அளவுதான் செலவழிக்கிறார்கள், மாதம் 46 கன மீட்டர். பழைய விலையில் 48.85, புதிய விலையில் 61.73. ஏற்றம் 12.88 ரிங்கிட். அதே 46 கன மீட்டரை இரண்டு சிறிய குடும்பங்கள் ஆளுக்கு 23 என்று எடுத்தால் இரண்டு வீட்டு பில்லும் சேர்த்து 33.92 ரிங்கிட்தான். ஒரே தண்ணீர், ஒரே அளவு, ஒரே கூரைக்குக் கீழ் இருக்கிற குற்றத்துக்காக 27.81 ரிங்கிட் கூடுதல்.

தோட்டத்திலிருந்து வெளியேறித் தாமானில் மூன்று தலைமுறை ஒன்றாக வாழும் நம்மவர் வீடுகளுக்கு நேரே படும் அநியாயம் இது. கட்டணப் படிகள் வீட்டை எண்ணுகின்றன, தலையை எண்ணுவதில்லை. கார் கழுவித் தோட்டத்துக்கு ஸ்பிரிங்கிளர் போடும் பங்களாவும், ஏழு பேர் குளிக்கும் மலிவு விலை வீடும் ஒரே மேல்படியில் நிற்கின்றன. எனவே மனுவின் முதல் கோரிக்கை இதுவாக இருக்கட்டும்: ஐந்து பேருக்கு மேல் இருக்கும் வீட்டுக்கு, அடையாள அட்டை நகல், பிறப்புப் பத்திரங்களைக் காட்டிப் பதிந்தால், முதல் படி அளவைக் கூட்டித் தர வேண்டும். உயர்வை நிறுத்தச் சொல்வதைவிட நூறு மடங்கு பலமான கோரிக்கை. தாமானில் பத்துப் பெரிய குடும்பங்களின் பில் நகல்களைச் சேர்த்து, மேலே போட்டதுபோல் அட்டவணையாக இணைத்துவிடுங்கள். அதோடு, இலவச 20 கன மீட்டருக்குத் தகுதி இருந்தும் விண்ணப்பிக்காத வீடுகள் எத்தனை என்று வாசல் வாசலாகக் கேளுங்கள். கணக்கு இறந்துபோன தாத்தா பெயரிலேயே இருப்பது, பெயர் மாற்றாத வாடகை வீடு, இந்த இரண்டும்தான் விண்ணப்பம் நிற்கும் வழக்கமான இடங்கள்.

"பைப் ஒழுகுது" என்ற வாதத்துக்கு வருவோம். சுத்திகரித்து வெளியே விட்டும் காசாகாத தண்ணீருக்கு, வருவாய் தராத நீர் என்று பெயர். தேசிய அளவில் அது மூன்றில் ஒரு பங்குக்குக் குறையாமல் பல காலம் நின்றிருக்கிறது. சில மாநிலங்களில் பாதிக்கு மேல். சிலாங்கூரும் பினாங்கும் அதைவிட நன்றாகச் செய்கின்றன. ஆனால் இது முழுவதும் ஒழுகல் இல்லை. வயதான மீட்டர் மெல்லிய ஓட்டத்தை எண்ணாமல் விடும். திருட்டு இணைப்பு உண்டு. தீயணைப்புக்கும் பைப் கழுவி விடுவதற்கும் போகும் தண்ணீரும் இதில் சேரும்.

விலைக்கும் இதற்கும் உள்ள தொடர்பு எளிது. ஒரு கன மீட்டர் தண்ணீரைத் தயாரித்து அனுப்ப ஒரு ரிங்கிட் என்று பேச்சுக்கு வைப்போம். 100 அனுப்பி 70க்கு மட்டும் பில் போனால், விற்ற ஒவ்வொரு கன மீட்டர் மீதும் 1.43 ரிங்கிட் விழுகிறது. 80க்கு பில் போனால் 1.25. வித்தியாசம் 18 சென், ஏறக்குறைய அந்த 22 சென் உயர்வுக்குக் கிட்ட வந்துவிடுகிறது. இங்கே கவனம் வேண்டும்: ஒழுகலை அடைத்த மறுநாளே செலவு குறைந்துவிடாது. மிச்சமான தண்ணீரைப் புதிய தாமான்களுக்குக் கொடுத்து, புதிய சுத்திகரிப்பு நிலையம் கட்டுவதைத் தள்ளிப்போட்டால்தான் அந்த 18 சென் நிஜமாகும். கோலசிலாங்கூர் மாவட்டம் முழுக்க செம்பனைக் காடு வீட்டுமனையாக மாறிக்கொண்டிருக்கும்போது அந்தத் தேவை நிச்சயம் இருக்கிறது.

நம்மூர்ப் பைப் ஏன் அடிக்கடி வெடிக்கிறது? பழைய விநியோகக் குழாய்களில் பெரும்பகுதி அஸ்பெஸ்டாஸ் சிமெண்ட். அந்தக் காலத்தில் மலிவாகப் போட்டது, ஐம்பது வருட ஆயுள் என்று கணக்கு, அந்த ஆயுள் முடிந்துகொண்டிருக்கிறது. நம் மென்மையான நீர் உள்ளிருந்து சிமெண்டைக் கரைக்கும், அமில மண் வெளியிலிருந்து கரைக்கும். சுவர் மெலிந்த பிறகு வெளிப்பார்வைக்குக் குழாய் முழுதாகத்தான் இருக்கும், நகத்தால் சுரண்டினால் ஈரச் சுண்ணாம்புபோல் உதிரும். அதன்மேல் செம்பனைக் குலை ஏற்றிய லோரிகள் போகின்றன. தோட்டத்து மண் ரோடு பிறகு தார் ரோடாக அகலப்படுத்தப்பட்ட இடங்களில், ஓரத்தில் ஆழமில்லாமல் கிடந்த குழாய் இப்போது டயருக்கு நேர் கீழே கிடக்கிறது. மண் இறங்கும் சதுப்பு நிலத்தில் இணைப்பு வளையம் நழுவும். இரவில் எல்லாரும் தூங்கியதும் அழுத்தம் ஏறும், அதனால்தான் வெடிப்பு பெரும்பாலும் விடிகாலையில் தெரிகிறது.

வெடித்த இடத்தில் கிளாம்ப் போட்டு மூடுவது சிகிச்சை ஆகாது. அழுத்தம் திரும்ப ஏறியதும் பத்தடி தள்ளி அடுத்த மெலிந்த இடம் பிளக்கும். ஒரே ரோட்டில் ஒரு வருடத்தில் மூன்று முறை தோண்டினால், அந்தக் குழாய் முழுவதையும் மாற்ற வேண்டிய நேரம் வந்துவிட்டது என்று அர்த்தம். மனுவின் இரண்டாவது கோரிக்கை இதிலிருந்து பிறக்கிறது: நம் பகுதி அளவீட்டு மண்டலத்தில், அதாவது உள்ளே வரும் நீரை ஒரே இடத்தில் அளக்கும் வட்டாரத்தில், இரவு இரண்டு மணிக்கும் நான்கு மணிக்கும் இடையில் பாயும் குறைந்தபட்ச நீர் எவ்வளவு? ஊரே தூங்கும் அந்த நேரத்து ஓட்டத்தில் பெரும்பகுதி ஒழுகல்தான். எத்தனை கிலோமீட்டர் அஸ்பெஸ்டாஸ் குழாய் மிச்சம், எந்த ரோடு எந்த வருடம் மாற்றப்படும்? அழுத்தக் குறைப்பு வால்வு இருக்கிறதா, இரவில் அது வேலை செய்கிறதா? அழுத்தத்தைப் பத்து விழுக்காடு குறைத்தால் ஒழுகலும் ஏறக்குறைய அந்த அளவு குறையும். குழாய் மாற்றுவதற்குப் பல வருடம் பிடிக்கும், வால்வு சரிசெய்ய ஒரு வாரம் போதும்.

இந்தக் கேள்விகளைக் கேட்பதற்கு முன் நம் வேலியை நாம் பார்க்க வேண்டும். மீட்டருக்கு முன்னால் ஒழுகினால் நிறுவனத்தின் பொறுப்பு, மீட்டரைத் தாண்டினால் வீட்டுக்காரர் பொறுப்பு. பத்து நிமிடத்தில் ஒரு கிளாஸ் நிரம்பும் சொட்டு ஒரு மாதத்தில் ஒரு கன மீட்டர். நிமிடத்துக்கு ஒரு கிளாஸ் என்றால் மாதம் பத்து கன மீட்டர், அது மேல்படியில் விழுந்தால் 26 ரிங்கிட். சோதிப்பது இப்படி: படுக்கப் போகும் முன் எல்லாக் குழாயையும் மூடி, கூரைத் தொட்டிக்கு ஏறும் வால்வையும் மூடிவிட்டு, மீட்டரின் கறுப்பு எண்ணையும் சிவப்பு எண்ணையும் போனில் படம் எடுங்கள். காலையில் முதல் ஆள் குழாயைத் திறக்கும் முன் மறுபடி எடுங்கள். சிவப்பு நகர்ந்திருந்தால் மண்ணுக்குள் ஒழுகல். நகரவில்லை என்றால் மறுநாள் இரவு தொட்டி வால்வைத் திறந்து வைத்து அதையே செய்யுங்கள். இப்போது நகர்ந்தால் குற்றவாளி தொட்டியின் மிதவை வால்வு அல்லது கழிவறை ஃபிளஷ். ஃபிளஷ் தொட்டியில் கொஞ்சம் கேசரிப் பவுடர் கலந்து அரை மணி நேரம் விடுங்கள். கீழே பீங்கானில் நிறம் இறங்கியிருந்தால் அடி ரப்பர் தேய்ந்துவிட்டது. சில ரிங்கிட் சாமான், பல வீடுகளில் இதுதான் பில்லைத் தின்கிறது.

கழிவுநீரைப் பற்றி எந்தக் கூட்டத்திலும் பேச யாருக்கும் பிடிப்பதில்லை. ஆனால் எனக்கு அதிகக் கவலை இதில்தான். பொதுக் கழிவுக்குழாயோடு இணைந்த வீட்டுக்கு இண்டா வாட்டர் வசூலித்தது மாதம் எட்டு ரிங்கிட், இருபது வருடத்துக்கும் மேலாக அதே எட்டு. 2022இல் பத்து ரிங்கிட்டாக ஏற்றும் அறிவிப்பு வந்தபோதுதான் பலருக்கு இப்படி ஒரு பில் இருப்பதே நினைவுக்கு வந்தது. கட்டாமல் விட்டாலும் தண்ணீரைப்போல் வெட்ட மாட்டார்கள் என்று நிலுவை சேர்த்தவர்கள் அதிகம்.

இருநூறு வீடுகள் உள்ள தாமானை எடுங்கள். வடிவமைப்பு விதிப்படி ஒரு வீட்டுக்கு ஐந்து பேர், ஆளுக்கு நாளுக்கு 225 லிட்டர் கழிவு. அதாவது ஆயிரம் பேருக்கான நிலையம், நாளுக்கு 225 கன மீட்டர். எல்லாரும் ஒழுங்காகக் கட்டினால் அந்தப் பழைய எட்டு ரிங்கிட் வீதம் மாதம் 1,600 ரிங்கிட். காற்று ஊதும் பிளோவர் ஒன்று ஐந்து கிலோவாட் இரவு பகல் ஓடினால் மாதம் 3,600 யூனிட். யூனிட் 50 சென் என்று வைத்தாலும் 1,800 ரிங்கிட். மோட்டார் பழுது, சேறு ஏற்றும் லோரி, ஆள் சம்பளம் எதுவும் இன்னும் வரவில்லை. நாடு முழுக்க இப்படி ஏழாயிரத்துக்கும் மேற்பட்ட நிலையங்கள். மீதியை நிதியமைச்சு, அதாவது வரிப்பணம், நிரப்புகிறது. பிளோவர் நின்றால் கழிவைத் தின்னும் பாக்டீரியா செத்துப்போகும், நாற்றம் வரும், அரைகுறையாகச் சுத்தமான நீர் லோங்காங்கில் (வடிகாலில்) இறங்கும்.

அந்த லோங்காங் எங்கே போகிறது? சிலாங்கூர் ஆற்றுக்கு. நம்மூரைச் சுற்றித்தான் அந்த ஆற்று நீரை உறிஞ்சும் பெரிய சுத்திகரிப்பு நிலையங்கள் இருக்கின்றன. கழிவில் இருக்கும் அம்மோனியா ஒரு மில்லிகிராமைத் தீர்க்க எட்டிலிருந்து பத்து மில்லிகிராம் குளோரின் வேண்டும். மூல நீரில் அம்மோனியா லிட்டருக்கு 1.5 மில்லிகிராமைத் தாண்டினால் நிலையத்தையே நிறுத்தும் நிலை வரும். நீர் எடுக்கும் இடத்துக்கு மேல்பக்கம் இருக்கும் கழிவு நிலையங்களுக்கு 2009ஆம் ஆண்டு விதிகள் கடுமையான ஏ தரத்தை வைத்திருப்பது அதனால்தான். 2020 செப்டம்பரில் ரவாங் பக்கம் ஒரு பட்டறையின் இரசாயனக் கழிவு ஆற்றில் கலந்து நான்கு நிலையங்கள் மூடி, பத்து லட்சத்துக்கும் மேற்பட்ட கணக்குகளுக்குத் தண்ணீர் நின்றதை யாரும் மறந்திருக்க மாட்டார்கள். அது தொழிற்சாலைக் கழிவு. ஆனாலும் ஆறு ஒன்றுதான். கழிவுநீரில் மிச்சம் பிடிக்கும் சென், தண்ணீர் பில்லில் குளோரின் விலையாகத் திரும்பி வருகிறது. ஆகவே கழிவுநீர்க் கட்டணம் ஓரிரு ரிங்கிட் ஏறுவதை எதிர்க்க வேண்டாம் என்பதே என் அழுத்தமான கருத்து. அதற்குப் பதில், மலிவு விலை வீடுகளுக்கு உள்ள குறைந்த விகிதத்தைத் தொடாதே, எங்கள் தாமான் நிலையத்தின் வெளியேற்ற நீர்ப் பரிசோதனை முடிவுகளைக் காட்டு என்று கேளுங்கள்.

செப்டிக் டேங்க் வீடுகளுக்கு வேறு கணக்கு. இரண்டு வருடத்துக்கு ஒருமுறை உரிமம் பெற்றவரை வைத்துச் சேறு எடுக்க வேண்டும் என்பது 2021 முதல் விதி. சேறு மூன்றில் ஒரு பங்கு நிரம்பியதும் திடக்கழிவு வெளியே தப்பத் தொடங்கும். மூடிமேல் டைல்ஸ் ஒட்டி அடுப்படி நீட்டியவர்கள் லோரி வரும் நாளில்தான் தவிக்கிறார்கள். பிளாஸ்டிக் தொட்டி என்றால் உறிஞ்சிய உடனே தண்ணீர் நிரப்புங்கள், மழைக்காலத்தில் நிலத்தடி நீர் ஏறிக் காலித் தொட்டியை அப்படியே மேலே தூக்கிவிடும். கூரை நீரைக் கழிவுக் குழாயில் சேர்ப்பதும், அன்னதானம் முடிந்து எண்ணெய்ச் சட்டி கழுவிய நீரைக் கிரீஸ் டிராப் (எண்ணெயைத் தடுத்துப் பிடிக்கும் தொட்டி) இல்லாமல் இறக்குவதும் நிலையத்தைக் கவிழ்க்கும் இரண்டு பழக்கங்கள்.

கடைசியாக, தாமான்காரர்கள் மறந்துவிடும் ஒரு கூட்டம் உண்டு: இன்னும் லயத்தில், அதாவது தோட்டத் தொழிலாளர் வரிசை வீடுகளில், இருப்பவர்கள். 1917இல் நாட்டின் முதல் வணிகச் செம்பனை நடவு நடந்த தென்னமரம் தோட்டம் நம் வாசலில் இருக்கிறது. சுற்றிலும் அப்படிப்பட்ட குடியிருப்புகள் ஏராளம். தோட்டத் தொழிலாளர் வீட்டுக்குப் போதுமான குழாய்த் தண்ணீரை முதலாளி இலவசமாகத் தர வேண்டும் என்பது 1990ஆம் ஆண்டுத் தொழிலாளர் வீட்டு வசதிச் சட்டம். வேலையில் இருப்பவரிடம் தண்ணீருக்குக் காசு பிடித்தால் தொழிலாளர் இலாகாவில் புகார் செய்யலாம். சிக்கல், வேலை முடிந்தும் அங்கேயே இருப்பவர்களுக்கு. ஒரே மொத்த மீட்டர், நிர்வாகம் தலைக்கு இவ்வளவு என்று பிரித்துக் கேட்கும், ரசீது இருக்காது. நாற்பது வீடு, வீட்டுக்கு 25 கன மீட்டர் என்றால் தனி மீட்டரில் ஒவ்வொருவருக்கும் 2024 விலையில் 19.60 ரிங்கிட். அதற்கு மேல் கேட்கிறார்கள் என்றால் மொத்தக் கணக்கு எந்த வகையில் பதிவாகியிருக்கிறது என்று பில்லைக் காட்டச் சொல்லுங்கள். தனி மீட்டருக்கு நில உரிமையாளரின் சம்மதக் கடிதமும், உரிமம் பெற்ற பிளம்பரும், முன்பணமும் வேண்டும். துருப்பிடித்த பழைய இரும்புக் குழாயில் நேரே மீட்டர் மாட்டித் தர மாட்டார்கள், உள்குழாய் முதலில் மாற வேண்டும். அந்தச் செலவுக்கு மாநில அரசிடம் ஒதுக்கீடு கேட்கும் வரியையும் இதே மனுவில் சேர்த்து எழுதுங்கள்.

கோயில் மீட்டரையும் ஒருமுறை பாருங்கள். வழிபாட்டு இல்லங்களுக்குத் தனிக் கட்டண வகை உண்டு. தலைவர் பெயரில் வணிகக் கணக்காக இருந்தால் பதிவுப் பத்திரத்தோடு மாற்ற விண்ணப்பியுங்கள்.

மனுவோடு ஒரு வரைபடம் இணையுங்கள். ஏ ஃபோர் தாளில் தாமான் ரோடுகளைக் கையால் வரைந்து, கடந்த பன்னிரண்டு மாதத்தில் பைப் வெடித்த இடம் ஒவ்வொன்றிலும் சிவப்புப் புள்ளி வைத்து, தேதி, புகார் எண், எத்தனை மணி நேரத்தில் வந்தார்கள் என்று பக்கத்தில் குறியுங்கள். புகார் எண் இல்லாத வெடிப்பு அவர்கள் கணக்கில் நடக்காத வெடிப்பு. ஆகவே இன்றிலிருந்து ஒவ்வொன்றுக்கும் எண் வாங்கி வையுங்கள்.